பீஸ் கட்டையை எடுத்துவிட்டு எம்சிபி போர்டு போட்ட பிறகு அடிக்கடி ட்ரிப் ஆகிறதா? அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பழைய வீடுகளில் மெயின் போர்டு மாற்றுவது எனக்கு வருஷம் முழுக்க இருக்கிற வேலை. மரப்பலகையில் வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டை வரிசையாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டு இரும்புப் பெட்டி ஒன்று வைத்து, அதில் ஒரு ஆர்சிசிபி (கரண்ட் பூமிக்குக் கசிந்தால் தானே விழுந்து லைனை அணைக்கிற சுவிட்ச்), எட்டோ பத்தோ எம்சிபி (லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ விழுகிற சுவிட்ச்) போடுவோம். கூலி வாங்கிக்கொண்டு வந்த இரண்டாம் நாள் போன் வரும். "இன்னாண்ணா போர்டு போட்டுட்டுப் போன? முப்பது வருசமா அந்தக் கட்டை ஒண்ணும் ஆவல. இது நாளைக்கு நாலு வாட்டி வுயுது."

அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் நான் திரும்பப் போய்ப் பார்க்கிற வீடுகளில் புதுப் பெட்டி கெட்டிருப்பது அரிது. பீஸ் கட்டைக்கு ஒரு விஷயம்தான் தெரியும்: கம்பி உருகுகிற அளவு கரண்ட் ஓடினால் உருகும். 5 ஆம்பியர் கம்பி என்று போட்டாலும் அது உருக ஏறக்குறைய இரு மடங்கு ஓட வேண்டும். அந்தக் கம்பியும் இல்லாமல் ஒயரை உரித்து நாலு இழை முறுக்கிக் கட்டிய வீடுகளே அதிகம். பூமிக்குக் கசிகிற கரண்ட் அதன் கண்ணில் படவே படாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோ, பேஸ் ஒயரில் போன கரண்ட்டும் நியூட்ரல் ஒயரில் திரும்பிய கரண்ட்டும் ஒன்றா என்று விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியர் ஆனால் கண்டிப்பாக விழ வேண்டும். 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். முப்பது வருஷமாகச் சுவருக்குள் மறைந்திருந்த கோளாறெல்லாம் அதனால் ஒரே வாரத்தில் வெளியே வருகிறது.

தொடங்கும் முன் மூன்று விஷயம். பெட்டியின் உள்மூடியை வீட்டுக்காரர்கள் திறக்க வேண்டாம். உங்களைச் செய்யச் சொல்வதெல்லாம் சுவிட்சை ஏற்றி இறக்குவதும் பிளக்கைப் பிடுங்குவதும்தான். இரண்டாவது, இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை ஆஃப் செய்தாலும் லைட் லைனில் 230 வோல்ட் இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் பிளக்கையும் பிடுங்கினால்தான் ஆஃப் என்று கணக்கு. மூன்றாவது, மீட்டருக்கும் அதற்கு முன்னால் இருக்கிற சீல் வைத்த கட்டவுட்டுக்கும் (ஈ.பி.யின் பீஸ்) ஈ.பி.க்காரர்தான் பொறுப்பு. என்னைப் போன்ற வயர்மேனும் அதைத் தொடக்கூடாது.

முதலில்: விழுந்தது எது?

"ட்ரிப் ஆகுது" என்று சொன்னால் எனக்குப் பாதிதான் புரியும். பெட்டிக்கு முன் நின்று பாருங்கள். சின்னப் பொத்தான் ஒன்று, 'டெஸ்ட்' என்றோ ஆங்கில 'டி' எழுத்தோ போட்டு, அகலமான சுவிட்சின் மேல் இருக்கிறதா? அதுதான் ஆர்சிசிபி. அது விழுந்தால் கசிவு, அல்லது நியூட்ரல் குழப்பம். பொத்தான் இல்லாத ஒல்லிச் சுவிட்ச் விழுந்தால் அது எம்சிபி. அதிக லோடு, ஷார்ட், அல்லது சூடு. இரண்டும் வேறு வேறு வியாதி. இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிற ஆர்சிபிஓ போட்டிருந்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும்.

விழுந்த சுவிட்ச் சில கம்பெனியில் நடுவிலேயே நின்றுவிடும். முழுக்கக் கீழே அழுத்திவிட்டு மேலே தூக்க வேண்டும். "தூக்கவே முடியல" என்று கூப்பிட்ட இரண்டு வீட்டில் இதுதான் கதை.

அறிகுறி 1: ஆர்சிசிபியைத் தூக்கினால் நிற்கவே மாட்டேன் என்கிறது

எல்லா எம்சிபியையும் கீழே இறக்குங்கள். இப்போது ஆர்சிசிபியை மட்டும் தூக்குங்கள்.

*நின்றுவிட்டால்:* எம்சிபியை ஒவ்வொன்றாக, நடுவில் அரை நிமிடம் விட்டு ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அந்த லைனில் செருகியிருக்கிற எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். பழைய சுவிட்சுப் பலகைகளில் பேஸுக்குப் பதில் நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருப்பதை இன்றும் பார்க்கிறேன். பிடுங்கியபின் நின்றால் சாமான்தான் குற்றவாளி, அறிகுறி 4க்குப் போங்கள். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் சுவருக்குள் ஒயர். அந்த எம்சிபியை இறக்கி வைத்துவிட்டு மற்ற லைனில் வீட்டை ஓட்டுங்கள், வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

*எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே விழுந்தால்:* இங்கேதான் பலர் "ஆர்சிசிபி போயிடுச்சு" என்று புதிது வாங்கி ஏமாறுகிறார்கள். ஒல்லி எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் நியூட்ரல் லிங்க்கில் (அவை ஒன்றாகச் சேரும் உலோகப் பட்டை) அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அதில் ஒன்று எங்காவது எர்த்தைத் தொட்டிருந்தால் போதும். ஆணி அடித்த இடம், சுவிட்ச் பாக்ஸ் திருகு நசுக்கிய இடம், பழைய இரும்புப் பைப்பின் கூர்மையான வாய், எலி கடித்த பரண் ஒயர். இவைதான் நான் வழக்கமாகக் கண்டுபிடிக்கிற இடங்கள்.

இந்தக் கோளாறுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பகலில் நிற்கும், சாயங்காலம் ஆறரைக்கு மேல் விழும். தெருவில் எல்லோரும் லைட்டும் ஏசியும் போடும்போது நியூட்ரலுக்கும் பூமிக்கும் நடுவில் ஒன்றிரண்டு வோல்ட் ஏறும். நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டிருந்தால் அந்த இரண்டு வோல்ட்டே போதும்: எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்தால் 100 மில்லி ஆம்பியர் ஓடிவிடும். உங்கள் வீட்டில் எதையும் போடாமலே விழுவதற்குக் காரணம் பக்கத்து வீட்டு லோடாக இருக்கலாம். இதைப் பேய் என்று சொன்ன வீடும் உண்டு.

வயர்மேன் வந்து செய்ய வேண்டியது: மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 500 வோல்ட் மெகரில் (ஒயரின் தோல் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பார்க்க வேண்டும். டிவி, ஃபிரிஜ், எல்இடி எல்லாம் கழற்றியபின்தான் மெகர். நல்ல லைன் பல மெகா ஓம் காட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த ஒயரை நான் விடமாட்டேன். ஆர்சிசிபியின் கீழ்ப்பக்கத்தில் ஒரு ஒயர்கூட இல்லாமல் தூக்கிப் பார்த்தும் விழுந்தால், அப்போது மட்டும் ஆர்சிசிபியை மாற்றலாம்.

அறிகுறி 2: ஒரு லைட் போட்டால் போதும், விழுந்துவிடும்

போர்டு மாற்றிய வீடுகளில் நான் அதிக நேரம் செலவழிப்பது இதற்குத்தான். கவனமாகப் படியுங்கள்.

ஹீட்டர் போட்டால் விழுகிறது என்றால் ஹீட்டரைச் சந்தேகப்படலாம். 9 வாட் எல்இடி பல்பைப் போட்டதும் விழுகிறது என்றால் பல்ப் பாவம், ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பல்பு எடுப்பது 40 மில்லி ஆம்பியரும் அதற்குக் கொஞ்சம் மேலும். அந்த முழுக் கரண்ட்டும் வேறு வழியில் திரும்புகிறது என்று அர்த்தம். பேஸ் ஆர்சிசிபி வழியாக வருகிறது, நியூட்ரல் வேறெங்கோ போகிறது. பீஸ் கட்டை காலத்தில் நியூட்ரல் எங்கிருந்து எடுத்தாலும் விளக்கு எரியும், யாரும் கேட்கமாட்டார்கள். எது பக்கத்தில் இருந்ததோ அதிலிருந்து இழுத்திருப்பார்கள்.

வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு மாடி வீடு. கீழே சொந்தக்காரர், மேலே குடித்தனம், தனித்தனி மீட்டர். இரண்டு போர்டையும் ஒரே வாரத்தில் மாற்றினேன். தினமும் பொழுது சாயும்போது ட்ரிப் ஆகும். சில நாள் கீழே விழும், சில நாள் மேலே, சில நாள் இரண்டும். கீழ்வீட்டு அம்மா, "மேல இருக்கறவங்க இன்னாத்தையோ போடறாங்க தம்பி, எங்களுது அவுஞ்சு பூடுது" என்றார். மேல்வீட்டுக்காரர் அதையே திருப்பிச் சொன்னார். இரண்டு குடும்பமும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். கீழ்வீட்டுப் பையன் டியூஷன் முடித்து வந்து செருப்பைக் கழற்றினான், படிக்கட்டு லைட் சுவிட்சைத் தட்டினான். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் 'டப்' என்று சத்தம். ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பு ஒயர் கீழிருந்து வரும் பைப்பில் ஏறியது. கறுப்பு ஒயர் மேலே போகும் பைப்புக்குள் நுழைந்தது. வீடு கட்டிய காலத்தில் நியூட்ரலுக்கு மேல்தளம் பத்தடி கிட்டத்தில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். கீழ் ஆர்சிசிபிக்குப் போனது திரும்பவில்லை, மேல் ஆர்சிசிபிக்குப் போகாதது திரும்பியது. இரண்டுமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. கீழ் போர்டிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இழுத்து ஹோல்டரில் கொடுத்தேன், அரை நாள் வேலை. அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ட்ரிப் என்று போன் வரவில்லை.

நீங்கள் செய்யக்கூடிய சோதனை: ஒரு தாளில் எழுதுங்கள். எந்த லைட் போட்டால் விழுகிறது, அப்போது வேறு எது ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டு, இரண்டு சுவிட்ச் உள்ள ஹால் லைட், வாசல் லைட், பின்னால் சேர்த்துக் கட்டிய அறை, பிற்பாடு போட்ட பாத்ரூம். இவைதான் முதல் சந்தேகம். இந்தத் தாள் கையில் இருந்தால் வயர்மேனுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம்.

காரணங்களை எளிதிலிருந்து சொன்னால்: முதலில், போர்டு மாற்றும்போதே ஒரு லைனின் நியூட்ரலைத் தவறான லிங்க்கில் திருகியிருப்பது. இரண்டு ஆர்சிசிபி இருக்கிற பெட்டியில் இரண்டு நியூட்ரல் லிங்க் இருக்கும், மாறிப்போவது சகஜம். போர்டு போட்டவரே வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்ய வேண்டியது, இதற்குத் தனிக் கூலி கேட்பது முறையில்லை. அடுத்தது, ஒரு லைனுக்கும் இன்னொரு லைனுக்கும் ஸ்விட்ச் பாக்ஸுக்குள் நியூட்ரல் சேர்த்து முறுக்கியிருப்பது. அதற்கும் அடுத்தது, எர்த் ஒயரையே நியூட்ரலாகப் பயன்படுத்தியிருப்பது.

கடைசியில் சொன்னதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "நியூட்ரல் கிடைக்கல, எர்த்துல குடுத்துட்டேன், எரியுது பாரு" என்று ஒரு காலத்தில் குறுக்குவழியாகச் செய்தார்கள். அந்த எர்த் குழிப் பக்கம் எங்காவது அறுந்தால் அதோடு சேர்ந்த கீசர் உடம்பு, கிரைண்டர் உடம்பு எல்லாவற்றிலும் பல்பு வழியாக 230 வோல்ட் வந்து நிற்கும். இப்படி இருப்பது தெரிந்தால் அன்றைக்கே அந்த லைனை அணைத்துவிடுங்கள், புது ஒயர் இழுக்கும்வரை போட வேண்டாம்.

அறிகுறி 3: கரண்ட் போகும்போதோ வரும்போதோ விழுகிறது, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது

நம் பக்கம் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. இன்வெர்ட்டரிலிருந்து பேஸ் மட்டும் தனியாக வரும், நியூட்ரல் வீட்டோடு பொது. பழைய போர்டில் அது பிரச்சினையே இல்லை. புதுப் போர்டில் இன்வெர்ட்டர் பிளக்குக்குப் போகிற லைனும், இன்வெர்ட்டரில் எரிகிற லைட்டுகளின் நியூட்ரலும் ஒரே ஆர்சிசிபிக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். பிளக் லைன் ஆர்சிசிபிக்கு முன்னாலும் லைட் நியூட்ரல் பின்னாலும் இருந்தால், கரண்ட் இருக்கும்போதும் விழும், போனபோதும் விழும். இரண்டு ஆர்சிசிபி வீட்டில் இன்வெர்ட்டர் ஒன்றின் கீழும் மாடி லைட் நியூட்ரல் இன்னொன்றின் கீழும் இருந்தால், மாடி லைட் போடும்போது மட்டும் விழும்.

சோதனை சுலபம். இன்வெர்ட்டரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். அந்த லைட்டுகள் அணைந்துவிடும், பரவாயில்லை. ஒரு நாள் முழுக்க மற்ற லைன்களோடு ஓட்டுங்கள். ஒரு தடவைகூட விழவில்லை என்றால் வயரிங் அங்கேதான் தப்பு. இதைச் சரிசெய்வது வயர்மேன் வேலை. இன்வெர்ட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டால் அவர் இன்வெர்ட்டரைத்தான் பார்ப்பார், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்.

இன்னொன்று. ஆர்சிசிபி விழுந்ததும் இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் கட் என்றுதான் எடுத்துக்கொள்ளும். லைட்டும் ஃபேனும் எரிந்துகொண்டே இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு விழுந்தது விடியற்காலை பேட்டரி தீர்ந்து ஃபேன் நின்றபோதுதான் தெரியும். "விடியக்காலம் நாலு மணிக்கு ட்ரிப் ஆகுது" என்று சொன்ன வீட்டில் உண்மையில் அது பத்தரைக்கு விழுந்திருந்தது. ஃபிரிஜ்ஜைத் திறந்து பார்த்தபோது ஐஸ் எல்லாம் தண்ணீராகியிருந்தது, அதை வைத்துத்தான் நேரத்தைப் பிடித்தோம். நேரத்தை எழுதும்முன் ஃபிரிஜ் ஓடுகிறதா என்று பாருங்கள்.

இன்வெர்ட்டர் வயரிங் சரியாக இருந்தும் கரண்ட் வரும் நொடியில் எம்சிபி விழுந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவதுதான் காரணம். ஏசியை அணைத்து வையுங்கள், ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். தாமதமாகக் கிளம்பும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் இதைத் தானே செய்யும்.

அறிகுறி 4: ஒரு குறிப்பிட்ட சாமானைப் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது

அந்தச் சாமானை வேறு லைனில், வேறு அறையில் செருகிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் சாமான். அங்கே விழவில்லை என்றால் முதல் இடத்தின் பிளக் பாயின்ட்.

கீசர்தான் முதல் எதிரி. வேலூர் போர் தண்ணீர் உப்பு. கீசர் எலிமென்ட்டைக் கழற்றினால் கெட்டியாகச் சுண்ணாம்பு பூத்திருக்கும். அது சூட்டைத் தேக்கி, எலிமென்ட்டின் குழாயில் மயிரிழை வெடிப்பு விடும், உள்ளே ஈரம் இறங்கும். போட்டதும் விழாது, ஐந்து பத்து நிமிடம் சூடேறிய பிறகு விழும். இந்தத் தாமதம்தான் அடையாளம். எலிமென்ட்டை மாற்றினால் போதும், கீசரை மாற்றத் தேவையில்லை. டேங்கே ஒழுகினால் மட்டும் புதிது. அதுவரை அந்தக் கீசரைப் போடவே கூடாது, "குளிக்கும்போது அணைத்துவிடுகிறேன்" என்ற சமாதானம் வேண்டாம்.

ஃபிரிஜ் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழவைத்தால், ஐஸ் கட்டாத வகை ஃபிரிஜ்ஜில் பனி உருக்கும் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். அது நாள் முழுக்க ஓடாது, அவ்வப்போதுதான் ஓடும். வாஷிங் மெஷின் தண்ணீர் சூடாகும் கட்டத்தில் விழுந்தால் அதன் ஹீட்டர், சுற்றும்போது விழுந்தால் மோட்டார் அல்லது ஒயரில் சிந்திய தண்ணீர். கிரைண்டரில் மாவுத் தண்ணீர் அடிப்பக்கம் இறங்கியிருக்கும். காயவைத்துப் பாருங்கள், காய்ந்தும் விழுந்தால் கடைக்கு. தண்ணீருக்குள் இருக்கிற போர் மோட்டார் என்றால் கேபிள் ஜாயின்ட். மேலே தூக்க ஆளும் செலவும் ஆகும், அதனால் அதை மெகரில் உறுதி செய்யாமல் தூக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி 5: மழை பெய்தால் விழுகிறது, காய்ந்தால் நிற்கிறது

ஐப்பசி, கார்த்திகையில் வரும் போன்கள். வீட்டுக்கு வெளியே இருக்கிற எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள்: கேட் லைட், காலிங் பெல் சுவிட்ச், மொட்டை மாடிப் பிளக், தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் டெர்மினல் பெட்டி. மழை விட்ட மறுநாளும் விழுந்தால் கைப்பிடிச் சுவரிலோ ரூஃப் கான்கிரீட்டிலோ இருக்கிற பைப்பில் தண்ணீர் நிற்கிறது. ஒயரை உருவி, பைப்பைக் காயவைத்து, புது ஒயர் போட வேண்டியிருக்கும். வெளி லைட்டுகள் எல்லாவற்றையும் தனி எம்சிபியில், முடிந்தால் தனி ஆர்சிபிஓவில் பிரித்துவிட்டால் மழை நாளில் வீடே இருளாவது நிற்கும்.

சுவிட்ச் பாக்ஸுக்குள் எறும்புப் புற்றும் செத்த பல்லியும் இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழை ஈரத்தில் அவை கரண்ட்டைக் கடத்தும்.

அறிகுறி 6: நேரங்காலம் இல்லாமல், எதையும் தொடாமலே ஆர்சிசிபி விழுகிறது

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை, எல்லா லைனும் மெகரில் நன்றாக இருக்கிறது என்றால் சில்லறைக் கசிவுகள் சேர்ந்திருக்கும். கணினி, டிவி, இன்வெர்ட்டர் ஏசி, இன்டக்‌ஷன் அடுப்பு, எல்இடி டிரைவர் எல்லாமே உள்ளே இருக்கிற ஃபில்டர் வழியாகத் துளித்துளியாக எர்த்துக்குக் கசியவிடும். அது கோளாறு இல்லை, அவற்றின் அமைப்பே அப்படி. ஒரு கணினிக்கு ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் என்றால் வீடு முழுக்கச் சேர்த்தால் 12, 14 ஆகிவிடும். அப்புறம் மின்னல் வெட்டினாலோ, தெருவில் வோல்டேஜ் குதித்தாலோ மீதியும் நிறைந்து விழுந்துவிடும்.

கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கிற ஆளைக் கூப்பிடுங்கள். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப்புக்குள் விட்டால் வித்தியாசம் நேராகத் தெரியும். வழக்கமான லோடில் 9, 10 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் ஒரே ஆர்சிசிபியில் முழு வீட்டையும் கட்டியது தப்பு. இரண்டாகவோ மூன்றாகவோ பிரிக்க வேண்டும். பணம் கொஞ்சம் ஆகும்.

இந்த இடத்தில்தான் சிலர் உங்களுக்கு மூன்று யோசனை சொல்வார்கள். ஆர்சிசிபியைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிடலாம் என்பார்கள். 30க்குப் பதில் 300 மில்லி ஆம்பியர் போடலாம் என்பார்கள். எர்த்தைக் கழற்றிவிட்டால் விழாது என்பார்கள். மூன்றும் வேண்டாம். ஏன் என்று ஒரு கணக்கு மட்டும். நம் ஊர் பாறை பூமி. கத்திரி வெயிலில் காய்ந்த எர்த் குழி 20 ஓம் காட்டுவது சாதாரணம். கீசர் உடம்பில் பேஸ் தொட்டால் 230ஐ 20ஆல் வகுத்து 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு, நாள் முழுக்க விழாது. கீசர் உடம்பு கரண்ட்டோடு நிற்கும், குழாயைத் திறக்கப் பிள்ளை கை வைக்கும். அந்த இடத்தில் காப்பாற்றக்கூடியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றுதான். 300 மில்லி தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றாது.

"எர்த் சரியில்ல, அதான் வுயுது" என்பதும் தப்பு. எர்த் மோசமானால் ஆர்சிசிபி குறைவாகத்தான் விழும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், அது வேறு நல்ல காரியம். ட்ரிப்புக்கு மருந்து என்று நினைத்து ஊற்றாதீர்கள்.

அறிகுறி 7: ஆர்சிசிபி நிற்கிறது, ஒரே ஒரு எம்சிபி மட்டும் விழுகிறது

*ஏற்றிய உடனே விழுகிறது:* ஷார்ட். பிளக்குகளைப் பிடுங்கி, சுவிட்சுகளை அணைத்து ஒரே ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப ஏற்றினால் சுவருக்குள் ஒயர் கருகும்.

*மோட்டாரோ ஏசியோ கிளம்பும்போது விழுகிறது:* எம்சிபி முகத்தில் 'பி-10', 'சி-16' என்பது போல ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். பி வகை தன் அளவைப்போல 3 முதல் 5 மடங்குக்குள் உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்கில். 1 எச்பி மோட்டார் கிளம்பும் நொடியில் 40 ஆம்பியர் இழுக்கும். பி-10 தாங்காது, சி-10 தாங்கும். எண்ணை ஏற்ற வேண்டியதில்லை, எழுத்தை மாற்றினால் போதும். அதற்கு முன் மோட்டார் கையால் சுற்றினால் சுற்றுகிறதா, கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

*இருபது நிமிடம், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு விழுகிறது:* மூன்று காரணம். முதலாவது லூஸ் திருகு. விழுந்ததும் எம்சிபியின் மேல் மெல்ல விரலை வையுங்கள். பக்கத்தில் இருப்பதைவிடச் சுட்டால், அல்லது பிளாஸ்டிக் கருகின வாசனை வந்தால், மெயினை அணைத்துவிட்டு அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். பழைய வீட்டு அலுமினிய ஒயர் திருகுக்கு அடியில் நசுங்கி நசுங்கித் தளரும். காந்திநகரில் ஒரு வீட்டில் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. உரித்த முனை கறுத்து, ஒயரின் தோல் ஒரு அங்குலத்துக்கு பிஸ்கட் போல உதிர்ந்தது. முனையை வெட்டிப் புதிதாக உரித்து இறுக்கினேன், அதோடு சரி.

இரண்டாவது நிஜமாகவே அதிக லோடு. சமையலறையில் 2000 வாட் இன்டக்‌ஷனும் 1500 வாட் கெட்டிலும் ஒன்றாகப் போட்டால் 15 ஆம்பியர். அது 10 ஆம்பியர் எம்சிபியில் இருந்தால் சில நிமிடத்தில் விழத்தான் வேண்டும். ஒன்றை வேறு லைனுக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது சூடு. எம்சிபியின் அளவு 30 டிகிரிக்குக் குறித்தது. நம் சித்திரை வைகாசியில் வெளியே 40க்கு மேல். மேற்குச் சுவரில் மூடிய பெட்டிக்குள் 50. அங்கே 16 ஆம்பியர் சுமார் 14 போல நடந்துகொள்ளும். முழு லோடில் ஓடும் இரண்டு எம்சிபியை அக்கம்பக்கம் வைக்காமல் நடுவில் ஒரு இடம் விடச் சொல்லுங்கள்.

பெரிய எம்சிபி போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். ஒயர் அளவைப் பார்த்துத்தான். 1 சதுர மி.மீ. ஒயருக்கு 6, 1.5க்கு 10, 2.5க்கு 16, 4க்கு 20. இதற்கு மேல் நான் போடுவதில்லை. பழைய வீட்டில் 1 சதுர மி.மீ. ஒயரில் 16 போட்டால் எம்சிபி விழாது, ஒயர்தான் எரியும்.

அறிகுறி 8: எதுவும் விழவில்லை, ஆனால் சில லைட் பளீரென்றும் சில மங்கலாகவும் எரிகிறது

மூன்று பேஸ் வீட்டில் இப்படி ஆனால் ஒரு நொடி யோசிக்காமல் மெயினை அணையுங்கள். நியூட்ரல் அறுந்திருக்கிறது, ஒரு பக்கம் வோல்டேஜ் 230ஐத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், டிவியும் ஃபிரிஜ்ஜும் போய்விடும். பக்கத்து வீட்டிலும் இதேதானா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கோளாறு கம்பத்தில் அல்லது டிரான்ஸ்ஃபார்மரில். ஈ.பி.யின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் சரியாக இருந்தால் உங்கள் போர்டின் நியூட்ரல் திருகு, அது வயர்மேனுக்கு.

வயர்மேன் கிளம்பும் முன்

லைசென்ஸ் உள்ளவரா, மெகர் இருக்கிறதா என்று கூப்பிடும்போதே கேளுங்கள். டெஸ்டர் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவரால் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், 'டப்' என்று விழ வேண்டும். கரண்ட் இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். அது விழுந்தால் ஆர்சிசிபி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது, அதைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பேனா கொடுத்து, எந்த எம்சிபி எந்த அறை என்று பெட்டி மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ராத்திரி விழுந்தால் டார்ச் வெளிச்சத்தில் அம்மாவே படித்துப் பார்த்து ஒன்றை மட்டும் இறக்கிவிடலாம்.